எது உன்னுடையது, எது என்னுடையது: எங்கள் நகர இசை மண்டபத்து நிகழ்ச்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிகழ்ச்சிக் குழுவினருக்கு,

கடந்த மாதம் உங்கள் சிறிய அரங்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மன் இசைக் கலைஞர்களான ரொபேர்ட் ஷூமன், கிளாரா ஷூமன் தம்பதியின் கடிதங்களை வைத்து ஓர் அறை இசை மாலை நடத்தினீர்கள். அடுத்த பருவத்தில் அதையே மறுபடி மேடையேற்றப் போகிறீர்கள், பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. இப்போது இருக்கிற வடிவத்தில் அது பிள்ளைகள் முன்னால் போகக் கூடாது. இதைத் தனிக் கடிதமாக ஏற்கனவே உங்களுக்கு எழுதினேன். பதிலாக வந்தது நான்கு வரி. ஆகவே இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதன் ஜேர்மன் வடிவம் தபாலில் உங்களுக்கு வந்து சேரும். தமிழில் எழுதுவது, உங்கள் மண்டபத்தைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிற, ஆனால் உள்ளே வராத எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான்.

அன்று நான் தனியாக வரவில்லை. எங்கள் பெண்கள் நான்கு பேரை வற்புறுத்திக் கூட்டி வந்தேன். "காமர்மூசிக் எண்டால் என்ன, காமராவோ?" என்று ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தவர்கள். அறைக்குள் நாலைந்து பேர் கூடி வாசிப்பது, நடத்துநர் கிடையாது, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வாசிக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லிக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். நிகழ்ச்சி முடிந்து மேலங்கி எடுக்க வரிசையில் நின்றபோது அவர்களில் மூத்தவர் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பிள்ளை அவருக்குக் கடிதம் எழுதினதைத் தவிர வேறை ஒண்டும் செய்யேல்லையோ?"

அந்தக் கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம்.

என்னிடம் பதில் இருந்தது. கிளாரா ஒன்பது வயதில், 1828இல், லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் இசை மண்டப மேடையில் பியானோ வாசித்தவர். பதினாறு வயதில், 1835 நவம்பரில், பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாகத் தானே எழுதிய பியானோ கொன்செர்ட்டோவை அதே மேடையில் இசையமைப்பாளர் மென்டல்சோன் நடத்த வாசித்தவர். அவர் வாழ்நாளில் சேர்த்து வைத்த கச்சேரி நிரல்களே சுமார் 1,300 இருக்கின்றன. எட்டுப் பிள்ளைகள். கணவர் போன பிறகு சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் மேடையில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தவர். இதையெல்லாம் மேலங்கி வரிசையில் நின்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் மேடையில் இருந்த உங்களுக்கு அது முடியவில்லையா?

கிளாராவை எனக்கு அறிமுகப்படுத்தியது இசை இல்லை, காசு. 1991இல் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சம்பளத்தில் ஒரு நீல நிற நூறு மார்க் தாள் இருந்தது. அதில் ஒரு இளம்பெண்ணின் முகம், பின்பக்கம் ஒரு பெரிய பியானோ. யாரோ ராசகுமாரி என்று நினைத்தேன். என்னோடு கட்டிடம் துப்புரவு செய்த ஜேர்மன் அம்மா ஒருவர்தான் "அவ பியானோக்காரி, எட்டுப் பிள்ளை பெத்தவ" என்று சொன்னார். எட்டுப் பிள்ளையோடு ஒரு பெண் பணத்தாளில் ஏறும் அளவுக்கு என்ன செய்திருப்பார் என்ற வியப்பு எனக்கு அன்றே தொற்றிக்கொண்டது. நாற்பது வயதில் பியானோ வகுப்பில் சேர்ந்ததும், உங்கள் மண்டபத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பருவச் சீட்டு வாங்குவதும் அதன் தொடர்ச்சிதான். அந்தத் தாளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். மத்திய வங்கியில் கொடுத்தால் இன்றைக்கும் 51 யூரோ 13 சென்ட் தருவார்கள். மாற்றவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் உங்கள் கையேட்டின் நான்காம் பக்கம். ரூக்கெர்ட்டின் கவிதைக்கு அமைத்த பாடல் ஒன்றை அன்று பாடினார்கள். 'அழகுக்காகக் காதலிக்கிறாய் என்றால் என்னைக் காதலிக்காதே, பொன்முடி கொண்ட சூரியனைக் காதலி' என்று தொடங்குவது. அதன் கீழே நீங்கள் அச்சிட்டிருப்பது: 'ரொபேர்ட் ஷூமன், ஓபஸ் 37' (ஓபஸ் என்பது ஓர் இசையமைப்பாளரின் படைப்பு வரிசை எண்). அது கிளாராவின் பாட்டு. 1840 கிறிஸ்மஸுக்கு அவர் கணவருக்குப் பாடல்களைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு இருவரும் சேர்ந்து பன்னிரண்டு ரூக்கெர்ட் பாடல்களை ஒரே தொகுப்பாக 1841இல் வெளியிட்டார்கள். ரொபேர்ட்டுக்கு அது ஓபஸ் 37, கிளாராவுக்கு ஓபஸ் 12. அதில் இரண்டாவது, நான்காவது, பதினோராவது பாடல்கள் கிளாராவுடையவை. எந்தப் பாட்டு யாருடையது என்று தொகுப்பில் போடவில்லை. அந்தக் காலத்து விமர்சகர்களே தடுமாறினார்கள். அது 1841. நீங்கள் தடுமாற இன்று காரணம் இல்லை. இசை நூலகத்தில் எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் தெரிந்துவிடும்.

இந்தப் பிழை எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நீங்கள் மேடையில் வாசித்த கடிதங்களில் ஒன்று இதைப் பற்றியதுதான். 1839 ஜூனில் ரொபேர்ட் எழுதுகிறார்: நாம் இருவர் பெயரிலும் நிறைய வெளியிடுவோம், வருங்காலம் நம்மை ஓர் உயிராகவும் ஓர் இதயமாகவும் பார்க்கட்டும், எது உன்னுடையது, எது என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியவே வேண்டாம். நடிகர் இதை மிக நெகிழ்ந்து வாசித்தார். அரங்கில் பெருமூச்சு கேட்டது. நான் கையேட்டைப் பார்த்தேன். எது யாருடையது என்று தெரியாமல் போகவில்லையே! எல்லாம் ஒருவருடையது என்று தெளிவாக அச்சடித்திருந்தீர்கள்.

அடுத்தது, கடிதங்களில் நீங்கள் வெட்டியவை. 1837 ஆகஸ்டில் 'ஆம் என்று ஒரு சொல் போதும்' என்று ரொபேர்ட் கேட்க, இத்தனை சிறிய, இத்தனை பெரிய சொல்லா என்று கிளாரா திருப்பி எழுதிய இடத்தில் நிகழ்ச்சியைத் தொடங்கினீர்கள். அழகான தொடக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் கிளாரா எழுதிய கடிதம் எங்கே? குதிரையும் வைரமும் எனக்கு வேண்டாம், ஆனால் கவலை இல்லாத வாழ்க்கை வேண்டும், என் கலையில் தொடர்ந்து உழைக்க முடியாவிட்டால் நான் சந்தோஷமாக இருக்க மாட்டேன், நிலைமை மாறாமல் உன்னவளாக முடியாது என்று பதினெட்டு வயதில் எழுதியிருக்கிறார். ரொபேர்ட்டுக்கு அது குத்தியது. உன் அப்பாவின் ஆவி பின்னால் நின்று எழுத வைத்திருக்கிறது என்று பதில் போட்டார். இதைவிட நாடகம் வேண்டுமா? இரண்டு பேர் உண்மையாகவே மோதிக்கொண்ட இடம் அது. அதை விட்டுவிட்டு முத்தங்களை மட்டும் எடுத்தீர்கள்.

'ஓர் உயிர், ஓர் இதயம்' எழுதிய அதே ஜூன் மாதத்தில் ரொபேர்ட் இன்னொன்றும் எழுதினார். கல்யாணமான முதல் வருடம் நீ கலைஞர் என்பதையே மறந்துவிட வேண்டும், வீட்டுக்காகவும் கணவனுக்காகவும் வாழ வேண்டும், மனைவி கலைஞரைவிட உயர்ந்தவள் என்று. அதுவும் மேடைக்கு வரவில்லை. ரொபேர்ட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை நான். இசை எழுது, எழுது என்று கிளாராவைத் தூண்டியதும் இதே மனிதர்தான். 1843இல் அவரே குறிப்பெழுதி வருந்துகிறார்: பிள்ளைகளும், எந்நேரமும் கற்பனையில் திரிகிற கணவனும் இருக்கும் வீட்டில் ஒருத்தி எப்படி இசை எழுதுவாள், எத்தனை ஆழமான எண்ணங்கள் வீணாகின்றன என்று. தான் செய்வதைத் தானே பார்த்து வருந்துகிற மனிதன் உங்கள் மேடையில் இருந்த காதல் நாயகனைவிடச் சுவாரசியமானவன் இல்லையா?

கடிதம் என்பதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். என் கணவர் முதலில் இங்கே வந்தார். மூன்று ஆண்டுகள் நானும் மகளும் ஊரில். யுத்த காலம். ஒரு கடிதம் வந்துசேர ஒரு மாதமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அந்தக் கடிதங்கள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றில் அன்பு கால்வாசி இருந்தால் அதிகம். மிச்சம் எல்லாம் கடன், பத்திரம், மகளின் காய்ச்சல், யாரிடம் காசு கொடுத்து விடுவது, ஏன் போன கடிதத்துக்குப் பதில் இல்லை என்ற கோபம். யாராவது அவற்றிலிருந்து 'அன்பே' என்று தொடங்கும் வரிகளை மட்டும் வெட்டி எடுத்து மேடையில் வாசித்தால் அது நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையாக இருக்காது. கிளாராவின் கடிதங்களிலும் காசு இருக்கிறது. 1839இல் அப்பா இல்லாமல் தனியாகப் பாரிஸுக்குப் போய் வாசித்த பெண் அவர். அந்தப் பாரிஸிலிருந்து உங்கள் நடிகை வாசித்தது 'உன்னை நினைத்து அழுகிறேன்' என்ற வகை வரிகள் மட்டும். அதையும் புன்னகையோடு வாசித்தார். ஏன் புன்னகை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிறகு 1840இல் கல்யாணத்தோடு விளக்கை அணைத்தீர்கள். கிளாராவின் தந்தை ஃப்ரீட்ரிக் வீக் மறுத்ததும், நீதிமன்றம் போனதும், ஆகஸ்ட் 1ஆம் தேதி அனுமதி கிடைத்ததும், கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிறைய ஒரு நாள் இருக்க, செப்டம்பர் 12இல் ஷோனஃபெல்ட் தேவாலயத்தில் தாலி ஏறியதும் (எங்கள் மொழியில் அப்படித்தான் சொல்ல வருகிறது) எல்லாம் சரிதான். தமிழ்ப் படம் மாதிரியே இருந்தது என்று என் சிநேகிதி சொன்னார், அதுவும் பாராட்டாக இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு மறுநாளே இருவரும் சேர்ந்து ஒரு குறிப்பேடு தொடங்கினார்கள். ஒரு வாரம் அவர் எழுத, ஒரு வாரம் இவர் எழுத, கைமாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம். லைப்சிக் இன்செல் தெருவில் அவர்கள் வாழ்ந்த அந்த வீடு இன்று அருங்காட்சியகம். போன வருடம் போய்ப் பார்த்தேன். அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது அந்தக் குறிப்பேட்டின் 1841 வரிதான்: ரொபேர்ட் இசை எழுதும்போதெல்லாம் என் பியானோ பின்தங்குகிறது, ஒரு நாளில் ஒரு மணி நேரம்கூட எனக்குக் கிடைப்பதில்லை. சுவர் வழியாகச் சத்தம் கேட்கும், அவருக்கு இடைஞ்சல். அதனால் பியானோ மூடியபடி கிடந்தது.

இதற்கு மறுபக்கம் டுசல்டோர்பில் இருக்கிறது. 1852இல் அங்கே பில்கர் தெருவுக்கு வீடு மாறுகிறார்கள். கிளாராவுக்கு மேல் மாடியில், கீழே சத்தம் கேட்காத ஒரு தனி அறை. 1853 கோடையில் மட்டும் ஓபஸ் 20, 21, 22, 23 என்று நான்கு படைப்புகள். கணவரின் பிறந்தநாளுக்காக அவருடைய மெட்டு ஒன்றைப் பலவிதமாக மாற்றி அமைத்த வேறுபாடுகள், பியானோவுக்கு மூன்று ரொமான்ஸ் (சிறிய இசைத் துண்டுகள்), வயலின் கலைஞர் யோவாகிமுக்காக வயலினும் பியானோவும் சேர்ந்த மூன்று ரொமான்ஸ், ஆறு பாடல்கள். பூட்டக்கூடிய கதவும், யாருக்கும் கேட்காத சுவரும் கிடைத்தவுடன் நடந்தது இது. ஒரு கட்டிட வரைபடமே போதும், நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியை எழுதிவிடலாம். அடுத்த பெப்ரவரியில் ரொபேர்ட் உயிரை விட ரைன் ஆற்றில் குதித்தார், காப்பாற்றினார்கள். அதன் பிறகு கிளாரா அநேகமாக எதுவும் எழுதவில்லை. கடிதம் வேண்டும் என்றால் அங்கேயும் இருக்கிறது: எண்டெனிச் மனநல மருத்துவமனையில் இருந்தவருக்கு 1854 செப்டம்பர் வரை எழுத அனுமதி இல்லை, 1855 மே மாதத்தோடு அவரிடமிருந்து கடிதம் நின்றுபோகிறது. நேரில் பார்க்க விட்டது 1856 ஜூலையில், சாவதற்கு இரண்டு நாள் முன்பு.

இனி இசை. ஐந்து கலைஞர்களும் அருமையாக வாசித்தார்கள், அதில் குறையே இல்லை. ரொபேர்ட்டின் ஓபஸ் 44 பியானோ குவின்டெட்டின் (பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும்) கடைசிப் பகுதியில் செலோ வாசித்தவரை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் குவின்டெட்டைப் பற்றிக் கையேட்டில் எட்டு வரி. கிளாராவுக்குச் சமர்ப்பித்தது, 1842 டிசம்பரில் ஒரு வீட்டில் வாசித்தபோது அவருக்கு உடம்பு முடியாமல் போக மென்டல்சோன் வந்து பார்த்த மாத்திரத்தில் வாசித்தார் என்று கதை. 1843 ஜனவரி 8இல் கெவாண்ட்ஹவுஸில் அதை முதன்முதலாகப் பொதுமேடையில் வாசித்தது கிளாரா என்பதற்கு ஒரு வரி கிடையாது. வராத நாளைச் சொன்னீர்கள், வந்த நாளைச் சொல்லவில்லை.

கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். எண்பது நிமிட இசையில் கிளாரா எழுதியது எட்டு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் மேலே சொன்ன, பெயர் மாறிய பாட்டு. மிச்சம் ஆறு நிமிடம், பியானோ, வயலின், செலோ மூன்றுக்குமாக அவர் எழுதிய ஜி மைனர் பியானோ ட்ரையோ, ஓபஸ் 17இன் மூன்றாம் பகுதி மட்டும். அதற்கும் மேலே ரொபேர்ட்டின் கடிதத்தை ஒலிவாங்கியில் வாசிக்க வைத்தீர்கள். ரொபேர்ட்டின் ஒரு இசைக்குக்கூட மேலே யாரும் பேசவில்லை. அந்த ஆண்டான்டேயில், அதாவது அந்த நிதானமான மூன்றாம் பகுதியில், பியானோ முதலில் தனியாகப் பாடி, பிறகு வயலினிடம் கொடுக்கும் இடம் இருக்கிறது. நான் வகுப்பில் இரண்டு மாதம் அதோடு போராடியவள், எங்கே மூச்சு விட வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும். அன்று அந்த இடத்தில் எனக்குக் கேட்டது ஒரு ஆணின் குரல்.

உங்கள் நான்கு வரிப் பதிலில் மூன்று காரணம் இருந்தது. நேரம் போதாது என்றீர்கள். ஓபஸ் 17 முழுதாக அரை மணிக்கும் குறைவு. கல்யாணத்தோடு முடித்த நிகழ்ச்சியில் கூடுதலாக இன்னொரு இசையமைப்பாளரான பிராம்ஸின் இசையை வாசிக்க நேரம் இருந்தது. 1840 செப்டம்பரில் பிராம்ஸுக்கு ஏழு வயது. மக்கள் காதல் கதை கேட்கத்தான் வருகிறார்கள் என்றீர்கள். நான் கூட்டி வந்த நான்கு பேரும் மக்கள்தான், அவர்கள் கேட்ட கேள்வியை மேலே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது காரணம்தான் எனக்குக் கோபத்தைத் தந்தது. அந்த ட்ரையோவைக் கிளாராவே உயர்வாக நினைக்கவில்லை என்றீர்கள். உண்மை. பெண்பிள்ளை வேலை, வலு போதாது என்கிற மாதிரி அவர் குறிப்பு எழுதியிருக்கிறார். இருபது வயதில், ஒரு பெண் இசை எழுத ஆசைப்படக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் 1846இல், பிப்ரவரியில் ஒரு பிள்ளையைப் பெற்று, அதே வருடத்தில் அந்த ட்ரையோவை முடித்து, அக்டோபரில் முதல் தடவையாக அதை ஒத்திகை பார்த்த இரவு அவர் எழுதியது வேறு: தானே ஒன்றை எழுதி, பிறகு அதைக் கேட்கிற இன்பத்துக்கு ஈடு எதுவும் இல்லை. இரண்டும் ஒரே பெண்ணின் கையெழுத்து. உங்களுக்கு வசதியான வரியை மட்டும் எடுத்து அவர் வாயாலேயே அவர் இசையை அடக்கப் பார்க்கிறீர்கள். அடுத்த ஆண்டுதான் ரொபேர்ட் தன் முதல் பியானோ ட்ரையோவை எழுதினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதன் முதல் பகுதியை நீங்கள் முழுதாக, யாரும் குறுக்கே பேசாமல் வாசித்தீர்கள்.

ஆகவே நான் கேட்பது இவை.

கையேட்டின் நான்காம் பக்கத்தை உடனே திருத்துங்கள். மீதிப் பிரதிகளில் ஒட்டுச்சீட்டாவது வையுங்கள், பருவச் சீட்டுக்காரர்களுக்கு அந்தத் திருத்தத்தை எழுத்தில் அனுப்புங்கள். இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் தேவையில்லை.

அடுத்த பருவ நிகழ்ச்சியில் ஓபஸ் 17இன் நான்கு பகுதிகளையும் வாசியுங்கள். அதற்கு மேலே ஒரு சொல்லும் வேண்டாம். இடம் தேவைப்பட்டால் பிராம்ஸை எடுங்கள், அவருக்கு உங்கள் மண்டபத்தில் வேறு மாலைகள் நிறைய உண்டு. ஓபஸ் 22இல் ஒரு ரொமான்ஸாவது சேர்க்க முடிந்தால் நல்லது. உங்கள் வயலின் கலைஞருக்கு அது ஒரு இரவு வேலை.

1837 நவம்பர் கடிதத்தையும் அதற்கு வந்த பதிலையும் சேருங்கள். கல்யாணத்துக்குப் பிந்திய குறிப்பேட்டிலிருந்து இருவரும் எழுதிய பக்கங்களைச் சேருங்கள். கதை 1840இல் நிற்கக் கூடாது.

இவை நடக்கும்வரை பள்ளிக்கூட நிகழ்ச்சிகளைத் தள்ளிவையுங்கள். என் பேத்தி போகும் பள்ளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பியானோ படிக்கிறாள், பத்து வயது.

கடைசியாக, பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த நிகழ்ச்சியின் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். பதினோராம் வரிசையில் என் இருக்கைக்கும், பக்கத்தில் இன்னும் நான்கு இருக்கைகளுக்கும் அடுத்த பருவத்துக்கான பணம் கட்டியாகிவிட்டது. அந்த நால்வரையும் மறுபடி கூட்டி வருவேன்.

இப்படிக்கு,
பதினோராம் வரிசைப் பருவச் சீட்டுக்காரி